தெளிந்த தண்ணீர் வரும்வரை

கிழக்குத் தாம்பரம்,
2-7-1972

யூனிஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆறு வருடமாக நமக்குள் ஒரு கிறிஸ்துமஸ் கார்டுகூடப் போகவில்லை, இப்போது அண்ணிக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் அண்ணன் "நான் எழுதுறேன், நான் எழுதுறேன்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே ஆபீசுக்கும் வீட்டுக்கும் எலெக்ட்ரிக் ரயிலில் போய்வருகிறார். அவர் எழுதி நீ படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

மாமாவுக்கு இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம். யாரிடமும் சொல்லவில்லை. எண்பத்தேழு வயது மனிதர் தன் வேட்டியைத் தானே துவைத்துக் கொல்லையில் காயப்போடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆளும் பாதியாகிவிட்டார். பம்மல் டாக்டர் பார்த்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். குடலில் வெள்ளை மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே கட்டி இருக்கிறதா என்று தெரியுமாம். வெளிநாட்டில் விளக்கு வைத்த குழாயையே உள்ளே விட்டுப் பார்க்கிறார்களாம், நமக்கு அது இன்னும் வரவில்லை. எதுவானாலும் முதலில் குடல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருக்கவேண்டும். அதற்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க வடிகஞ்சி, பால் இல்லாத டீ, தண்ணீர். நான்கு மணிக்கு இரண்டு அவுன்ஸ் விளக்கெண்ணெய். மறுநாள் காலை சோப்புத் தண்ணீர் எனிமா, "தெளிந்த தண்ணீர் வரும்வரை."

வெள்ளிக்கிழமை எல்லாம் செய்தேன். சனிக்கிழமை காலை எனிமாவும் ஆனபிறகு ராஜகீழ்ப்பாக்கம் சிட்டிபாபு தன் அம்பாசிடர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எலெக்ட்ரிக் ரயிலில் கக்கூஸ் ஏது? "வண்டி சீட்டு கெட்டா கெட்டுக்கினு போவுதும்மா, கழுவிக்கலாம். பெரியவர படுக்க வெச்சிகினு போலாம்" என்றார். அப்படித்தான் போனோம்.

எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாம்மா, வவுத்துல எல்லாம் அப்பிடியே கீது! சீட்ட படிச்சியா இல்லியா?" என்றான். மானம் போய்விட்டது. டாக்டர் மாமாவையே கேட்டார், "ஐயா, நேத்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று. மாமா "இல்லை" என்றார். அப்படியானால் மருந்து போதவில்லை, இருபத்தொன்றாம் தேதி மறுபடி வாருங்கள், இந்தத் தடவை நான்கு அவுன்ஸ் எண்ணெய், முதல் நாளும் எனிமா, மறுநாளும் எனிமா என்று எழுதிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு அவுன்சுக்கே அவர் கால் துணியாய்த் துவண்டது. நான்கு தாங்குமா? நீ நர்ஸ். இது ஒன்றுக்குத்தான் பதில் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ரத்தினபாய்

எஸ்டேட் ஆஸ்பத்திரி,
வால்பாறை மலை,
5-7-1972

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தாங்காது.

அந்தச் சீட்டு நாற்பது வயதுக்காரருக்கு அச்சடித்தது. எண்பத்தேழு வயதில் எண்ணெய் குடலோடு நிற்காது. உடம்பிலுள்ள தண்ணீரையும் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தலை சுற்றும், நாடி தடுமாறும், சிறுநீர் நின்றுபோகும். சோப்புத் தண்ணீர் குடலைப் புண்ணாக்கும். ஆனால் நான் மலைமேல் உட்கார்ந்துகொண்டு மருந்தைக் குறை, கூட்டு என்று சொல்லமுடியாது. டாக்டருக்கு முழு விவரம் தெரிந்திருக்கவேண்டும். எனவே கேட்கிறேன்:

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அப்பா என்னென்ன குடித்தார், எவ்வளவு? எண்ணெயை வாந்தி எடுத்தாரா? எனிமா யார் கொடுத்தது, எத்தனை நிமிடம் உள்ளே நின்றது? நீர் பிரிகிற மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? கடைசியாக, கெட்டியாக ஏதாவது சாப்பிட்டாரா? ஒரு பிஸ்கட்டானாலும் எழுதவும்.

அண்ணனை எழுதச் சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அம்மா இறந்த மறுநாள் அடக்கத்துக்கு நான் வந்து இறங்கியபோது, கேட்டருகே, சபையார் எல்லோரும் நிற்க, "நர்ஸு வந்துட்டா, பொணத்துக்கு ஊசி போட" என்று சொன்னீர்கள். அதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்.

யூனிஸ்

கிழக்குத் தாம்பரம்,
8-7-1972

யூனிஸுக்கு,

கேள்வித்தாள் கிடைத்தது. எத்தனை மார்க் போடுவாய்?

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கிருந்துகொண்டு எத்தனை நிமிடம் உள்ளே நின்றது என்று கேட்பது எளிது. எனிமா கொடுக்கத் தெருக்கோடி ஞானஜோதி அக்காவின் தங்கையைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன், அவள் ஆயாவாக இருந்தவள். உன் அண்ணன் வாசலைத் தாண்டி வரவில்லை. மாமா அவளையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். என் முன்னால் சட்டையில்லாமல் ஒரு நாள் நின்றதில்லை அவர். பல்லாவரம் மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராய் இருந்தவருக்குப் பாதி வாளி சோப்புத் தண்ணீரோடு என்ன போராட்டம் நடந்தது என்று கதவுக்கு வெளியே நின்று காதால்தான் கேட்டேன். நிமிடம் எண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி! நான் அவ்வளவு கூறுகெட்டவளா? அன்றைக்கு வீட்டில் உபவாச ஜெபமே வைத்திருந்தேன். மாமாவுக்காக இருபத்தெட்டு பேர் வந்து பட்டினி இருந்தார்கள். மாமாவும் எங்களோடு உட்கார்ந்து மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. வடிகஞ்சி கொண்டுபோனேன், "உபவாசத்துல கஞ்சியா?" என்று முறைத்தார். அந்தக் காலத்து மனுஷர். டாக்டர் கேட்டபோது அவர் வாயாலேயே "இல்லை" என்றாரே. வில்பிரட் வாத்தியார் பொய் சொல்வாரா? நீயே சொல்.

மாத்திரை உண்டு, காலையில் அரை, கால் வீக்கத்துக்கு. அன்றும் கொடுத்தேன்.

கேட்டருகே சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நாலு மாதம் அத்தைக்கு மலம் மூத்திரம் அள்ளினவள் நான். நீ வந்து சவப்பெட்டிமேல் விழுந்து அழுதால் எனக்கு வயிறு எரியாதா?

ரத்தினபாய்

வால்பாறை மலை,
11-7-1972

அன்புள்ள அண்ணிக்கு,

எரியும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் "மூன்று மணி வரை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தச் சபையில் வளர்ந்தவள் நான். உபவாச ஜெபம் மூன்று மணிக்கு முடியும். போதகர் ஆசீர்வாதம் சொல்வார். பிறகு யாருக்காக உபவாசமோ அவர் முதல் வாய் வைக்க, மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மூன்று மணிக்கு என்ன நடந்தது, அண்ணி?

நான் குற்றம் சாட்டவில்லை. பதில் சொல்லும் முன் இதைப் படியுங்கள். இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.

முதன்முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எண்பது வயதுப் பாட்டியம்மா ஒருவர், கங்கையம்மாள் என்று பேர். இதே எக்ஸ்ரே படத்துக்காக வந்தவர். முதல் தடவை சுத்தமாகவில்லை. டாக்டர் "ரிப்பீட்" என்று எழுதினார். எனக்கு ஒன்று தெரியும், டாக்டருக்குத் தெரியாது: அந்தம்மா முந்தின நாள் முழுவதும் வாயில் எதுவும் வைக்கவில்லை, உதடு வெடித்திருந்தது. சொல்லியிருக்கவேண்டும். "உன்னிடம் யார் கேட்டது" என்று திட்டு விழும் என்று பயந்து சொல்லவில்லை. எழுதினபடி செய்தேன். எண்ணெய், எனிமா, மறுபடி எனிமா. "தண்ணி தெளிஞ்சிடுச்சாம்மா?" என்று அவர்தான் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்குத் தெளிந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போய்விட்டார். பேரேட்டில் "வயோதிகம்" என்று எழுதினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா படுத்திருந்தபோது நான் வராததற்கு லீவு கிடைக்காதது காரணமில்லை. வீட்டு மனிதர்களின் உடம்பைத் தொடப் பயந்தேன். அதை அப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்பா அன்று சாப்பிட்டிருந்தால் தவறு மருந்தின் அளவில் இல்லை. அது டாக்டருக்குத் தெரிந்தால் நான்கு அவுன்ஸ் எழுதமாட்டார். தெரியாவிட்டால் கொடுப்பார். அவ்வளவுதான் விஷயம்.

யூனிஸ்

கிழக்குத் தாம்பரம்,
13-7-1972

யூனிஸ்,

ரவா உப்புமா. வெங்காயம் போட்டது, கூடவே வாழைப்பழம், டீ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். இரண்டு பெரிய தேக்சா உப்புமாவை எதில் மறைப்பது? இருபத்தெட்டு பேருக்குக் காலையிலேயே கிண்டி வைத்திருந்தேன். மாமாவுக்கு மட்டும் கஞ்சி என்று மனதில் இருந்தது, ஆண்டவர் சாட்சி. மூன்று மணிக்குப் போதகர் ஆமென் சொன்னதும் ஞானஜோதி அக்கா தட்டை வாங்கிக்கொண்டுபோய் மாமா கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கவேண்டும். போதகர் முன்னால், அத்தனை பேர் முன்னால், எண்பத்தேழு வயது மனுஷன் கைத்தட்டை மருமகள் பிடுங்கினாள் என்று பேர் வருமே! ஒரு வாய்தான் வைப்பார் என்று நினைத்தேன். முழுத் தட்டும் சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து விளக்கெண்ணெய் கொடுத்தேன். எண்ணெய் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டாக்டர் கேட்டபோது மாமா "இல்லை" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறந்துவிட்டார் போலிருக்கிறது, வயசாச்சு என்று நினைத்தேன். அந்த மறதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதுதான் நான் செய்தது.

உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார். சபையில் தெரிந்தால் "ஜெபம் வைத்து ஆளைக் கெடுத்தாள்" என்பார்கள். நான் பெண்கள் ஐக்கியச் செயலாளர். எந்த முகத்தோடு போய் முன்னால் நிற்பது?

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீ டாக்டருக்கு ஒரு கடிதம் எழுது. மகள், நர்ஸ், வயதைப் பார்த்து அளவைக் குறைக்கவேண்டும் என்று எழுது. உப்புமாவைப் பற்றி எதற்கு? அளவு குறைந்தால் போதாதா? இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. மாமா காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

ரத்தினம்

வால்பாறை மலை,
15-7-1972
(எக்ஸ்பிரஸ் டெலிவரி)

அண்ணி,

எழுதமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை.

எங்கோ இருக்கிற ஒரு நர்ஸ் அளவைக் குறைக்கச் சொன்னால் எந்த டாக்டரும் கேட்கமாட்டார். "போன தடவை இரண்டு அவுன்சுக்கே சுத்தமாகலையே" என்பார். அவர் கேட்பது நியாயம்தானே? உப்புமாவைச் சொன்னால்தான் அந்தக் கணக்கு மாறும். அதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். திங்கட்கிழமை இது கையில் கிடைத்த உடனே புறப்படுங்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்: ஒரே நாளில் அடிக்காமல் மூன்று நாள் மெதுவாகச் செய்யலாமா, சோப்பு வேண்டாம், உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் போதுமா, அந்த நாட்களில் நீர் மாத்திரையை நிறுத்தலாமா என்று. அப்பா குடிப்பதுதான் முக்கியம். மணிக்கு ஒரு டம்ளர் உப்புக் கஞ்சித் தண்ணீர், இளநீர், அவர் முறைத்தாலும் சரி. நாக்கு காய்ந்திருக்கிறதா பாருங்கள். கதவைத் தாழ்ப்பாள் போட விடாதீர்கள். எழுந்து நிற்கும் முன் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள்.

திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காத திட்டு இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

யூனிஸ்

கிழக்குத் தாம்பரம்,
23-7-1972

அன்புள்ள யூனிஸ்,

மாமா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ வரிவரியாய்த் தேடவேண்டாம்.

உன் எக்ஸ்பிரஸ் திங்கட்கிழமை காலையில் வந்தது. தபால்காரர் போவதற்குள் புடவை மாற்றிவிட்டேன். எடை பார்க்க மாமாவையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவரும் வந்தார். சிட்டிபாபு வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டு வந்தார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. குரோம்பேட்டை தாண்டும்போது திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் முன்னால் நின்று சொன்னேன். "சார், போன தடவ மாமா சாப்பிட்டுட்டாங்க. நான்தான் உப்புமா செஞ்சேன். சொல்லாம மறைச்சுட்டேன்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா விளையாடுறீங்களா? நாலு அவுன்ஸ் எழுதியிருக்கேனே, ஏதாவது ஆயிருந்தா?" என்று பிடிபிடி என்று பிடித்தார். வாங்கிக்கொண்டேன். பிறகு மாமாவைப் பார்த்து, "ஐயா, உங்களைக் கேட்டேனே. மறந்துட்டீங்களா?" என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறக்கல. பொய் சொன்னேன்" என்றார்.

டாக்டர் ஏன் என்று கேட்டார். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருவத்தெட்டு பேர் எனக்காகக் காலையிலேருந்து பட்டினி. அதுல புள்ளத்தாச்சி ஒருத்தி இருந்தா. நான் வாய் வைக்கலேன்னா அவங்க ஒருத்தரும் தொடமாட்டாங்க. அதனால தின்னேன். நீங்க கேக்கும்போது என் மருமக பக்கத்துல நின்னா. வெளியில ஏற்கெனவே ஒருத்தன் அவள நாலு பேர் முன்னால பேசிட்டான். இன்னொரு தரம் அவ தலை குனியறதப் பாக்க எனக்கு இஷ்டமில்ல. எண்ணெய்தானே, குடிச்சுட்டுப் போறேன்னு நெனச்சேன்."

நான்கு அவுன்சையும் குடித்துவிட்டுப் போயிருப்பார், யூனிஸ். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்காகக் குடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்திருப்பார். அந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். டாக்டர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். நீ சொன்னபடியேதான்: மூன்று நாள், ஒரே ஒரு அவுன்ஸ், உப்புத் தண்ணீர், மாத்திரை நிறுத்தம்.

அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வேன்? மணிக்கு ஒரு டம்ளர். "இன்னுமா?" என்பார். "இன்னும்தான் மாமா" என்பேன். கட்டிலருகே ஓட்டைபோட்ட நாற்காலி, கீழே பேசின். வியாழக்கிழமை எண்ணெய் வேலை செய்தபோது நாற்காலிக்குப் போகுமுன்னே ஆகிவிட்டது. வேட்டி, பாய், என் புடவை எல்லாம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடுங்கினார். "நீ போம்மா, ஜெபசீலன வரச் சொல்லு" என்றார். உன் அண்ணன் வந்தார், பார்த்தார், கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். நான் சிரித்துவிட்டேன். அடக்கமுடியவில்லை. சுவர்ப்பக்கமிருந்து மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. கழுவிவிட்டேன். கால் இரண்டும் குச்சி மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை படம் நன்றாக விழுந்தது. அதே ஆள், "இப்பதான்மா சரி, கண்ணாடியாட்டம் கீது" என்றான். இடதுபக்கம் கட்டி இருக்கிறது. கட்டைவிரல் அளவு. டாக்டர் மாமாவிடமே நேராகச் சொன்னார். இந்த வயதில் கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவார்; வைக்காவிட்டால் கட்டி மெதுவாக வளரும், ஒரு வருடமும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், குழைவாகச் சாப்பிடட்டும் என்றார். மாமா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப இனிமே எண்ணெய் இல்லையே?" இல்லை என்றார் டாக்டர். மாமா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். சொல்லிக்காட்டவில்லை. வாந்தி எடுத்தவருக்கு வாய் ஏது? சபையில் அடுத்த கூட்டத்தில் சொல்வேன்.

அன்றைக்குக் கேட்டருகே சொன்னது தப்பு. பெரிய தப்பு. அன்றே தெரியும் எனக்கு. மன்னித்துவிடு.

ரத்தினம்

வால்பாறை மலை,
26-7-1972

அன்புள்ள அண்ணி,

மத்தியானம் டியூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். பக்கத்திலிருந்த பெண் "யாருக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொல்லி எத்தனை வருடமாகிறது!

கட்டியைப் பற்றி எனக்கு அதிர்ச்சி இல்லை, முதல் கடிதத்திலேயே நினைத்தேன். என்னை உட்கார வைத்தது வேறு. அப்பா பொய் சொன்னார் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதில் உடைந்த சிலேட்டு ஒன்றுக்காக நான் சொன்ன பொய்க்கு எனக்கு விழுந்த பிரம்படி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பெற்ற மகளுக்காக ஒரு நாளும் சொல்லாததை உங்களுக்காகச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அண்ணி. மறைக்காமல் எழுதுகிறேன். அதே சமயம் அது உங்களுக்குச் சேரவேண்டியதுதான் என்றும் தெரிகிறது.

உங்களுக்கு இத்தனை கடிதம் எழுதினேன். அவர் எவ்வளவு குடித்தார், எத்தனை நிமிடம், எத்தனை அவுன்ஸ் என்று கேட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒரு தடவை கேட்கவில்லை.

இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். நான் வந்ததும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது.

அதற்குள் அப்பாவிடம் ஒன்று கேட்டு வையுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரைக் கழுவிக் குளிப்பாட்டியிருக்கிறேன், அவர் காலை ஒரு நாள் தொட்டதில்லை. உங்களிடம் விட்ட கூச்சத்தை என்னிடமும் விடுவாரா?

யூனிஸ்